கொக்கியின் வலது கை

ஐஸ் கம்பெனியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் யாரும் கிடையாது. கொக்கி என்றால்தான் தெரியும். இரும்புக் கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே டீ குடிப்பார், மாட்டிக்கொண்டே மூத்திரம் பெய்யப் போவார். ஒரு தடவை அதோடு வீடுவரைக்கும் நடந்து போய்விட்டார். பெண்டாட்டி கதவைத் திறந்து, "யாரக் குத்தப் போறீங்க?" என்று கேட்ட பிறகுதான் தோளில் என்ன தொங்குகிறது என்று பார்த்தார்.

அந்தப் பெண்டாட்டி போன வருஷம் இறந்துபோனாள். அடக்கம் முடிந்த மறுநாளே கொக்கி வேலைக்கு வந்துவிட்டார். அழுததை ஒருவரும் பார்க்கவில்லை. அடக்கிக்கொண்டு நிற்கிறார் என்று சொல்லலாமா என்றால் அதற்கும் ஒரு அடையாளம் இல்லை. சாப்பிட்டார், தூங்கினார், ஐஸ் கட்டி இறக்கினார். கேட்டதற்குப் பதில் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்களுக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஐஸ் போடுகிற இடத்தை உள்ளே போய்ப் பார்த்தவர்கள் குறைவு. தரையோடு தரையாக ஒரு பெரிய தொட்டி, அது நிறைய உப்புத் தண்ணீர். உப்பு இருப்பதால் எவ்வளவு குளிர வைத்தாலும் அது உறையாது. அதற்குள் வரிசையாகத் தகர டின்களை இறக்கி நிற்க வைத்திருப்பார்கள். டின்னுக்குள் நல்ல தண்ணீர். வெளியே இருக்கிற உப்புத் தண்ணீரின் குளிர் தகரம் வழியாக உள்ளே ஏறி, நல்ல தண்ணீர் கட்டியாகிவிடும். இரண்டுக்கும் நடுவே அந்தத் தகரம் ஒன்றுதான். அதில் ஊசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் போச்சு. உப்பு உள்ளே புகுந்து, கட்டி நடுவில் கொழகொழவென்று நிற்கும். கட்டியைத் தூக்கும்போதே எந்த டின் ஓட்டை என்று கொக்கி சொல்லிவிடுவார். அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, அங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

அங்கே இன்னொரு பழக்கம் உண்டு. வேலை முடிகிறவரைக்கும் யாரும் கையைச் சூடுபண்ண மாட்டார்கள். மோட்டார் பக்கத்தில் போனால் குழாய் கொதித்துக்கொண்டு கிடக்கும், ஒருவரும் அதன் மேல் கை வைக்க மாட்டார்கள். மரத்த கை வலிக்காது. சூடு ஏறினால்தான் உயிர் போகும், விரல் ஒவ்வொன்றிலும் முள் ஏற்றியது போல. மரத்துப்போனால் அப்படியே விட்டுவிடு என்பதுதான் அங்கே புதிதாகச் சேருகிறவனுக்குச் சொல்கிற முதல் புத்தி.

கொக்கியின் தங்கை வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை. டின்னிலிருந்து கழன்ற கட்டி ஒரு மரச் சறுக்கில் இறங்கி வண்டியடிக்குப் போகும். மேலே கொக்கி நிற்பார், கட்டியைக் குத்திப் பிடித்துக்கொண்டு. கீழே மாப்பிள்ளை. மாப்பிள்ளை "விடு மச்சான்" என்று குரல் கொடுத்தால்தான் மேலே பிடி விட வேண்டும். பல வருஷமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. சில நாள் மாப்பிள்ளை வம்புக்கு, "விடு மச்சான், தங்கச்சியக் கட்டிக்கொடுத்தப்பவே எல்லாத்தையும் விட்டுட்டியே" என்பார். கொக்கி சிரிக்காமல் விடுவார்.

மழைக்கால ஆரம்பத்தில் ஒரு நாள் பகலில் அது நடந்தது. மாப்பிள்ளை கீழே குனிந்து, சறுக்கின் வாயில் சிக்கியிருந்த சாக்கை இழுத்துக்கொண்டிருந்தார். "விடு" என்று சொல்லவில்லை. கட்டி போய்விட்டது. கொக்கி அது போவதைப் பார்த்தார். பாதி தூரம் போனதைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முதுகைப் பார்த்தார். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும், வாய் திறக்கவில்லை. கட்டி மாப்பிள்ளையின் வலது பாதத்தின் மேல் இறங்கி, உடைந்து, நாலாபக்கமும் சிதறியது. கொக்கி மேலேயே நின்றார். இரும்புக் கொக்கி அவர் கையில்தான் இருந்தது.

பாதத்துக்குள் தகடு வைத்துக் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நடப்பார், ஆனால் தாங்கித் தாங்கித்தான் நடப்பார் என்றார் எலும்பு டாக்டர். கொக்கி பார்க்கப் போனபோது தங்கை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"உன்ன நம்பித்தானே அவரு கீழ நின்னாரு?"

"ஆமா."

"ஆமாங்கற. வேற ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வீடும் ஒரே தெருவில்தான், நடுவே ஒரு சைக்கிள் கடை. அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமாக நடந்தால் அவள் உள்ளே போய்விடுவாள்.

அந்த நேரத்தில்தான் மோட்டார்காரர் வாயை வைத்தார். கம்பெனியில் மோட்டார் ஓட்டுகிற மனுஷன் அவர், காது மந்தம், அதனால் குரல் பெரிசு. "கை செத்துப்போச்சுய்யா அவருக்கு. எத்தன வருஷமா குளுருல நிக்கிறாரு. பிடி எங்க இருக்கும்?" என்று முதலாளி காதில் விழும்படி கத்தினார். முதலாளி யோசித்தார். கையைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, நரம்பு டெஸ்ட் எடுத்துக்கொண்டு வா என்றார். கை சரியில்லை என்றால் இனிமேல் சறுக்கில் நிறுத்த முடியாது, வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார்.

"அது ஷாக் டெஸ்டு, தெரியுமா?" என்றார் மோட்டார்காரர். "எங்க சகலைக்கு எடுத்தாங்க. கரண்ட் கொடுப்பாங்க. தவளை மாதிரி துள்ளினாரு."

"வலிக்குமா?"

"மரத்த கைக்கு என்ன வலி? ஐஸு ஒரு துண்டு எடுத்துட்டுப் போ, மரக்க வச்சுக்க."

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் வாழ்நாள் முழுக்க ஐஸோடு கிடந்தவனுக்கு வேறு என்ன தோன்றும்? கொக்கி ஒரு கட்டி உடைத்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, சாக்கில் சுற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, இரண்டு கையையும் உள்ளே விட்டுக்கொண்டார். கூட்டம் அதிகம், நேரம் ஆயிற்று. உள்ளே கூப்பிட்டபோது கை முழங்கைவரைக்கும் தன்னுடையதாகவே இல்லை. வேட்டியில் துடைத்துக்கொண்டு போனார்.

டெஸ்ட் எடுத்த பெண்ணுக்கு முப்பது வயதுக்குப் பக்கம் இருக்கும். கையில் உறை போட்டிருந்தாள். வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தாள். மணிக்கட்டில் ஒன்றை வைத்து அழுத்தினாள், விரலில் ஒன்றைச் சுற்றினாள். டிக், டிக் என்று சத்தம். கொக்கி துள்ளவில்லை. மெஷின் பெட்டியில் ஓடிய கோடு தள்ளிப்போய்த் தாமதமாக எழும்பியது. அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

இரண்டு கையிலும் நரம்பு மெதுவாகிவிட்டது, குளிர் வேலை இனிமேல் வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். முதலாளி, வருத்தமாகத்தான், வீட்டில் இருங்கள் என்றார். கொக்கி தோளிலிருந்து கொக்கியை இறக்கி மோட்டார் ரூம் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார். அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் தங்கை வந்தாள். கையில் மூடி போட்ட டம்ளர், டீ.

"கைதான் போயிருச்சாமே அண்ணே. நான் ஒரு கூறுகெட்டவ, வாய்க்கு வந்தத பேசிட்டேன். உன் மேல என்ன தப்பு? நரம்பு போனா நீ என்ன பண்ணுவ?"

கொக்கி டம்ளரை வாங்கினார். சுட்டது. விரல் சுடுகிறதே, செத்த கைக்கு இது எப்படி என்று ஒரு நினைப்பு வந்தது. கீழே வைத்துவிட்டார்.

மறுநாளிலிருந்து அவள் வீட்டுச் சாப்பாடு வந்தது. மாப்பிள்ளையும் வரச்சொன்னார். கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "ரெண்டு பேரும் சேர்ந்தா ஒரு முழு ஆளு தேறும்போல மச்சான். உனக்குக் காலு, எனக்குக் கை" என்றார். தங்கை சிரித்தாள். ஒரு வருஷத்தில் அந்த வீட்டில் கொக்கி உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான். பரவாயில்லாமல் இருந்தது. பரவாயில்லை என்று அவருக்குத் தெரிந்ததே பெரிசு.

அந்த வார முடிவில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டெஸ்ட் எடுத்த பெண்தான்.

"ஐயா, அன்னைக்கு வெளிய உக்காந்திருந்தப்ப கைல ஐஸ் வச்சிருந்தீங்களா?"

"ஏம்மா?"

"பெஞ்சுக்குக் கீழ தண்ணி. கூட்டுற அம்மா வந்து, யாரு இங்கயே போனதுன்னு ஆஸ்பத்திரியே அதிர சத்தம் போட்டாங்க. அப்புறம் பாத்தா சாக்குக்குள்ள ஐஸ் பை. நீங்க விட்டுட்டுப் போனது."

கொக்கி போனை மறு காதுக்கு மாற்றினார்.

"குளுந்த கைல நரம்பு மெதுவாத்தான் ஓடும்யா. யாருக்கு எடுத்தாலும் அப்படித்தான் வரும். நான் கைய தொட்டுப் பாத்திருக்கணும், உறையோட இருந்துட்டேன். வாங்க, திருப்பி எடுப்போம். கை நல்லாவே இருக்கலாம்."

மோட்டார்காரரிடம் போய்ச் சொன்னார். மோட்டார்காரர் மோட்டாரை விட்டு இறங்கி வந்து, முதல்முறையாகக் குரலைத் தாழ்த்திப் பேசினார். தாழ்த்தியும் வாசல்வரைக்கும் கேட்டது.

"போகாத. போனா கை நல்லா இருக்குன்னு வரும். வந்தா வேல திரும்பக் கெடைக்கும், சரி. ஆனா உன் தங்கச்சிக்கு என்ன சொல்லுவ? கை நல்லா இருந்தும் கட்டி போச்சுன்னா, விட்டது யாரு? யோசி. இப்ப சோறு போடுறாளா இல்லையா? பேசாம கெட."

சொன்னது சரிதான். கொக்கி வீட்டுக்குப் போய் உட்கார்ந்து யோசித்தார். யோசித்தார் என்றால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டி போனது கண்ணுக்குள் நின்றது. அது நழுவியதா, அவர் விட்டாரா? விட வேண்டும் என்று நினைக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் ஒன்றுமே நினைக்கவில்லை. அதுதான் அவரை அரித்தது. கை செத்திருந்தால் கணக்கு முடிந்தது. சாகவில்லை என்றால் செத்தது எது?

போவதா வேண்டாமா என்று முடிவு ஆகாமலே கிளம்பினார். போகிற வழியில் கம்பெனியில் நுழைந்து ஒரு துண்டு ஐஸ் உடைத்து எடுத்துக்கொண்டார்.

அதே பெஞ்சு. கையை உள்ளே விட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டுகிற அம்மாள் துடைப்பத்தோடு வந்து எதிரே நின்றாள்.

"நீதானா அது?"

"ஆமாம்மா."

"இன்னைக்காவது அந்த ஓரமா ஒழுக விடு. நானும் மனுஷிதான்."

கொக்கி ஓரமாக நகர்ந்துகொண்டார். கை மெல்ல மெல்லத் தன்னை விட்டுப் போனது. முதலில் தோல், பிறகு விரல், பிறகு விரல் இருக்கிற நினைப்பு. பழகிய சுகம். இப்படியே உள்ளே போனால் பழைய மாதிரியே வரும். சாப்பாடு வரும், டீ வரும்.

கூப்பிட்டார்கள். போனார். அந்தப் பெண் இன்றைக்கு உறை போடவில்லை. கையைத் தொட்டாள், தொட்டதும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்தாள்.

"இன்னைக்குமா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். மேஜை மேல் ஒரு பேசின், அதில் வெந்நீர், ஆவி பறந்தது.

"ஐயா, நான் கட்டாயப்படுத்த முடியாது. வேண்டாம்னா எந்திரிச்சுப் போங்க, பழைய ரிசல்ட்டே இருக்கட்டும். வேணும்னா கைய இதுல விடுங்க."

கொக்கி வெந்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அடுத்த ஆள் இருமினார். பிறகு அவர் இரண்டு கையையும் பேசினுக்குள் இறக்கினார்.

வலி வந்தது. வருமென்று தெரியும், தெரிந்தும் பல்லைக் கடித்தார். ஐஸ் கம்பெனியில் யாரும் செய்யாத காரியம்.

"என்னம்மா அது, உள்ள என்ன ஓடுது? கரண்ட்டுங்கறாங்க. கம்பி எதுவும் இல்லயே" என்றார், வலியிலிருந்து பேச்சைத் திருப்ப.

"கம்பில ஓடுற மாதிரி இல்ல. நீங்க எங்க வேல?"

அவர் சொன்னார். உப்புத் தொட்டி, டின், தகரம். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்ப உங்களுக்குச் சொல்றது லேசு. நரம்பு ஒரு டின்னுன்னு வச்சுக்கங்க, நீளமான டின்னு, முடிய விட மெல்லிசு. வெளிய உப்புத் தண்ணி. நம்ம ஒடம்பே உப்புத் தண்ணிதான். உள்ளயும் உப்புதான், ஆனா அது வேற உப்பு. நடுவுல தகரத்துக்குப் பதிலா ஒரு ஜவ்வு. வெளிய இருக்கற உப்பு உள்ள வரத் துடிக்குது, ஜவ்வு விடாது. சும்மா இருக்கும்போதே அந்த ஜவ்வுக்கு ரெண்டு பக்கமும் ஒரு கரண்ட் நிக்கும். டார்ச் பேட்டரில இருபதுல ஒரு பங்கு இருக்கும், அவ்வளவுதான்."

"ஓட்டை விழுந்தா?"

"ஓட்டை இல்ல, கதவு. ஜவ்வு பூரா குட்டிக் குட்டிக் கதவு. ஒரு எடத்துல அந்தக் கரண்ட் கொஞ்சம் கொறஞ்சா அங்க இருக்கற கதவு தொறக்கும், உப்பு குபுக்குன்னு உள்ள பாயும். அந்தப் பாய்ச்சல்ல பக்கத்துக் கதவு தொறக்கும், அதுல அடுத்தது. இப்படியே விரல்லருந்து மூளைக்கு, மூளைலருந்து விரலுக்கு. கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள."

"உள்ள போன உப்பு? உள்ளயே நின்னா கட்டி கெட்டுரும்."

"வேற கதவு தொறந்து உள்ள இருக்கற உப்பு கொஞ்சம் வெளிய வரும், அதுல கரண்ட் பழையபடி ஆயிரும். அப்புறம் ஒரு பம்பு இருக்கு. வந்தத வெளிய தள்ளி, போனத உள்ள இழுத்துக்கிட்டே இருக்கும், ராவும் பகலும். நாம சாப்பிடற சாப்பாட்டுல நல்ல பங்கு அதுக்குத்தான் போகுது."

"மோட்டார்காரர் மாதிரி" என்றார் கொக்கி.

"குளுந்துட்டா அந்தக் கதவெல்லாம் துருப்பிடிச்ச மாதிரி மெதுவாத் தொறக்கும். அதான் அன்னைக்கு அப்படி வந்துச்சு. எங்க, கையக் காட்டுங்க."

கை சிவந்திருந்தது. துடைத்துவிட்டு, மணிக்கட்டில் அந்தக் கருவியை வைத்து அழுத்தினாள். டிக். ஒன்றும் தெரியவில்லை, விரலும் அசையவில்லை. கொஞ்சம் ஏற்றினாள். அப்போதும் அசைவு இல்லை.

"இந்த அளவுக்குக் கதவு தொறக்காது" என்றாள். "ஒரு நரம்புக்கு ஒரு அளவு உண்டு. அதத் தாண்டலன்னா எத்தன தடவ தட்டினாலும் ஒண்ணும் போகாது. தாண்டிட்டா முழுசாப் போகும். பாதி போறதுங்கறதே கெடையாது."

ஏற்றினாள். கட்டைவிரல் அவரைக் கேட்காமலே குதித்தது. கோடு டக்கென்று எழும்பியது. மறுகை. அதுவும் அப்படியே. அவள் எண்களைப் பார்த்தாள், திரும்பவும் ஒரு தடவை எடுத்தாள்.

"உங்க கைக்கு ஒண்ணுமில்லய்யா. அருமையா இருக்கு."

கொக்கி கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப கட்டி ஏம்மா போச்சு?"

அவளுக்கு எந்தக் கட்டி என்று தெரியாது. அவர் சொன்னார். சறுக்கு, மாப்பிள்ளை, முதுகு, சாக்கு. பெண்டாட்டி போனதைச் சொல்லவில்லை, அவள்தான் வீட்டில் யாரெல்லாம் என்று கேட்டாள், அப்போது அதையும் சொன்னார்.

அவள் மெஷினை அணைத்தாள். "இந்த மெஷினு மணிக்கட்டுலருந்து விரல் வரைக்கும்தான் சொல்லும். வழி நல்லா இருக்கு. மேலருந்து சொல்லி அனுப்பினாதான் வழில ஏதாவது போகும். அன்னைக்குச் சொல்லி அனுப்பினீங்களா, இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"அனுப்பலம்மா" என்றார் கொக்கி. எழுந்து, ஐஸ் பையைத் தேடி எடுத்துக்கொண்டார். வெளியே கூட்டுகிற அம்மாளிடம், எங்கே கொட்டுவது என்று கேட்டுக் கொட்டிவிட்டுப் போனார்.

தங்கை வீட்டில் அப்போதுதான் சாப்பிட உட்காரப் போனார்கள். அவருக்கும் தட்டு வைத்திருந்தாள். கொக்கி உட்காரவில்லை.

"டெஸ்டு திருப்பி எடுத்தாங்க. கைக்கு ஒண்ணுமில்லயாம். நல்லா இருக்காம்."

தங்கை சந்தோஷப்படத்தான் வாயெடுத்தாள். எடுத்தவள் பாதியில் நின்றாள். தட்டைப் பார்த்தாள், புருஷனின் காலைப் பார்த்தாள்.

"அப்ப நீதான்."

"நான்தான். வேணும்னு விடல. பிடிக்கவும் இல்ல. பாத்துக்கிட்டு நின்னேன்."

சைக்கிள் கடையில் யாரோ காற்றடிக்கிற சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. கொக்கி காத்திருந்தார், கதவு சாத்தப்படுவதற்காக. உள்ளே ஏதாவது வருகிறதா என்றும் பார்த்தார். விரல் நுனிகளில் வெந்நீரின் குறுகுறுப்பு மட்டும் இன்னும் போகாமல் இருந்தது.

தங்கை அவருக்கு வைத்திருந்த தட்டைக் கையில் எடுத்தாள். எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாதவள் போல நின்றாள். பிறகு அடுப்பு மேடையில் வைத்து மூடினாள். முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்.

"கை நல்லா இருக்குல்ல? அவரக் குளிக்க வைக்கணும். தெனமும் நான் ஒருத்தியே தூக்கி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. வந்து பிடி."

கொக்கி போய்க் கட்டிலண்டை குனிந்தார். மாப்பிள்ளை அவர் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டார். கனமாக இருந்தார், சூடாக இருந்தார். வலது கையை மாப்பிள்ளையின் அக்குளுக்குள் கொடுத்துத் தூக்கினார். கட்டிய கால் தரையில் படாமல் தொங்கியது.

"நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விடாத மச்சான்" என்றார் மாப்பிள்ளை. வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா என்று தெரியவில்லை.

"சரி" என்றார் கொக்கி.

குளியலறைக்குப் போகிற வழி ஈரமாகக் கிடந்தது. மெதுவாகப் போனார்கள். குளியலறைப் படி வந்ததும் மாப்பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு, "ம்" என்றார். கொக்கி விடவில்லை.

"விடுய்யா, உக்காரணும்."

"விடுன்னு சொல்லு."

"விடு மச்சான்."

விட்டார்.